சத்தம் போடாத படங்கு

ஹட்டனில் ஒரு மண்டபத்தில் சுயதொழில் பயிற்சி என்று ஒருநாள் கூட்டம் வைத்தார்கள். மதியச் சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டுப் போனேன். வகுப்பு எடுத்தவர் கொழும்பிலிருந்து வந்தவர். வெள்ளைப் பலகையில் ‘வெற்றி பெற்ற தொழில் முயற்சியாளரின் குணங்கள்’ என்று எழுதிவிட்டு, ஆளுக்கொரு குணம் சொல்லச் சொன்னார். துணிச்சல், பொறுமை, உழைப்பு, நேர்மை என்று முன்வரிசையில் இருந்தவர்கள் நல்லதையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். கடைசி வரிசைக்கு வரும்போது எனக்கு மிச்சம் எதுவும் இல்லை. “வெக்கப்படக் கூடாதுங்க” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் அதையும் எழுதினார்.

யோசித்துச் சொன்னதல்ல. என் கையிருப்பில் இருந்த குணம் அது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராது என்பது ஒன்பதாம் வகுப்பிலேயே இரண்டு தரப்புக்கும் விளங்கிவிட்டது. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே நின்றேன். உட்கார ஸ்டூல் கிடையாது. தம்புள்ளையில் மரக்கறி மூட்டை தூக்கினேன். திருகோணமலையில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். ரயிலில் போன் கவர் விற்றேன். ஓரிடத்தில் கொஞ்ச காலம் இருந்தால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். நான் பிறந்த, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. காளான் போட்டேன், எலி தின்றது. கோழி வளர்த்தேன், லயத்து வரிசை வீடுகளின் நாய்கள் தின்றன. தேங்காய் ரொட்டி சுட்டு தலவாக்கலை ஸ்டேஷனில் விற்றேன். ரயில் தாமதமாக வந்த நாட்களில் அந்த வியாபாரம் அருமையாக ஓடியது. ரயில்கள் நேரத்துக்கு வரத் தொடங்கியதும் படுத்துவிட்டது.

இதையெல்லாம் என் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளை நான் கட்டுநாயக்கவில் சந்தித்தேன். அவள் ஒரு கார்மண்ட்ஸ் பெக்டரியில் தைத்துக்கொண்டிருந்தாள்; நான் அவள் தங்கியிருந்த போடிங்குக்கு எதிரே பழம் விற்றுக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடித்த பிறகு, சாமான் விலையெல்லாம் ஏறி, வாடகையும் கொடுத்து அங்கே காலம் தள்ள முடியாது என்று ஆனபோது இரண்டு பேரும் மலைக்கு வந்துவிட்டோம். வரும்போது அவள் ஒரு பழைய தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். லயத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாள். சட்டை தைப்பவர்கள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தார்கள்.

ஆவணி மாதம் அவளுக்குப் பழைய இடத்திலிருந்து போன் வந்தது. தீபாவளி முடிந்ததும் வந்தால் அதே மெசின், அதே இடம். வராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவார்கள். அவள் சண்டை போடவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பயணப் பையை இழுத்து, தூசி தட்டி, அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

“தீபாவளிக்குள்ள ஏதாவது ஒண்ணு ஓடுச்சுன்னா இருக்கேன். இல்லன்னா போறேங்க. போனா மாசம் ஒருக்காதான் வர முடியும். அதையும் யோசிச்சுக்கங்க.”

யோசித்தேன். மாதத்தில் ஒரு நாள் மனைவியோடு வாழும் ஆண்கள் எங்கள் லயத்திலேயே சிலர் இருந்தார்கள். சாயங்காலங்களில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ரொட்டி சுடுகிறார்கள், போனைப் பார்க்கிறார்கள், மற்றவர்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்து எழும்பாமல் இருக்கிறார்கள்.

யோசனை படங்கிலிருந்து வந்தது. அடுத்த காம்பராவில், அதாவது அடுத்த அறை வீட்டில், என் அக்கா இருக்கிறாள், கொழுந்து எடுக்கிறவள். கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை படங்கு என்று ஒன்றைக் கட்டுவார்கள். தேயிலைக் குச்சி கிழிக்காமலும் செடியில் நிற்கிற தண்ணீர் உடம்பில் ஏறாமலும் இருக்கத்தான் அது. பெரும்பாலும் பழைய சாக்கு, இல்லாவிட்டால் கிழிந்த றப்பர் சீட். மழைக் காலத்தில் அது காயவே காயாது. அக்கா தினமும் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, விடிய அதே ஈரத்தோடு கட்டிக்கொண்டு போவாள். நாங்கள் சாப்பிடுகிற சோற்றிலும் சாக்கு வாசம்தான்.

ஒருநாள் ஹட்டன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடைக்காரர் பழைய விளம்பர பெனர் ஒன்றைக் கூரையாகக் கட்டியிருந்தார். மழை கொட்டுகிறது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ஊரெல்லாம் தடித்த பிளாஸ்டிக் பெனர்தான். தேர்தல், டியூஷன் வகுப்பு, கடைத் திறப்பு. வேலை முடிந்தால் யாருக்கும் வேண்டாம். நான் கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டேன். இங்கேதான் வெட்கப்படாத குணம் உதவியது. தேர்தலில் தோற்றவர்களின் பெனர் சீக்கிரம் கிடைத்தது. வென்றவர்களுடையதைக் கழற்ற ஆட்கள் பயந்தார்கள். கோயில் திருவிழா பெனரும் மரண அறிவித்தல் பெனரும் கொடுத்தார்கள், வாங்கவில்லை. சாமியையும் செத்தவரையும் யார் இடுப்பில் கட்டுவார்கள்?

மனைவிக்கு யோசனை பிடித்திருந்தது. தடித்த ஊசி வாங்கி வந்தோம். முதலில் தைத்ததை அக்காவுக்குக் கொடுத்தோம். அது டியூஷன் பெனர். அக்கா கட்டிக்கொண்டு திரும்பியபோது, பின்பக்கத்தில் ஒரு இரசாயனவியல் மாஸ்டர் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தார். மலையில் அன்று வேலை நடக்கவில்லையாம். அவரிடம் படித்து இரண்டு தரம் பெயில் ஆன ஒருத்தி அக்காவுக்குப் பின்னாலேயே வந்து, “சேர், இப்பவாவது வெளங்குற மாதிரி சொல்லிக் குடுங்க” என்று கேட்டாளாம்.

முகத்தை உள்ளே திருப்பி, வெள்ளைப் பக்கம் வெளியே வருகிற மாதிரி தைத்தோம். அக்காவோடு சேர்ந்து கொழுந்தெடுக்கும் செட்டுப் பெண்களுக்கு, கட்டிப் பாருங்கள், பிடித்தால் சம்பளத்தன்று தாருங்கள் என்று கொடுத்தேன். எல்லாரும் வாங்கினார்கள். முதல் நாள் எல்லாரும் கட்டினார்கள். கால் காய்ந்திருக்கிறது என்று ஒருத்தி பாவாடையைத் தொட்டுக் காட்டினாள். நான் அன்றே தோட்டத்தின் பக்கத்து டிவிஷனுக்கு எவ்வளவு தேவைப்படும் என்று மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் பழைய சாக்குகள் திரும்பிவிட்டன.

ஏன் என்று கேட்டேன். வேர்க்கிறது என்றார்கள். மனைவி மேல்பட்டியில் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். வழுக்குகிறது என்றார்கள். நாடாவை அகலமாக்கினோம். உட்கார்ந்தால் குளிர்கிறது என்றார்கள். பின்பக்கம் துணி வைத்தோம். ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டார்கள், நல்லா இருக்கு தம்பி என்றார்கள், அடுத்த நாள் காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு கட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் காரணமே கிடைக்கவில்லை. “வெள்ள கலரு எனக்கு ஆகாது தம்பி” என்றாள். அவள் கட்டியிருந்தது வெள்ளைச் சீனிச் சாக்கு.

அலுமாரி மேலிருந்த பையை நான் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். சின்னக் காம்பரா. பார்க்காமல் இருப்பது சிரமம்.

அப்படி இருக்கையில்தான் கண்டாக்கு ஐயா எங்கள் லயத்துக்கே வந்தார். மலையில் வேலையை மேற்பார்க்கிறவர். கங்காணிமார் அவருக்குக் கீழே. தொழிலாளி வீட்டு வாசலுக்குச் சும்மா வருகிற ஆள் இல்லை. இஸ்தோப்பில் கிடந்த படங்கை எடுத்து விரித்தார், உதறினார், தடவினார். நல்ல சாமான் என்றார். தோட்டமே வாங்கி டிவிஷன் முழுக்கக் கொடுக்கலாம், மனேஜர் துரையிடம் தான் பேசுவதாகச் சொன்னார். போட்டது போட்டபடி, இதே மாதிரி இருக்க வேண்டும், எதையும் மாற்றக்கூடாது என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

அவர் போனதும் நான் நோர்வூட்டுக்கு ஓடிப்போய்க் கோழி இறைச்சி வாங்கி வந்தேன். டிவிஷன் முழுக்க என்றால் மெசினுக்கு ஓய்வு கிடையாது. மெசினுக்கு ஓய்வு இல்லை என்றால் மனைவிக்குப் பயணமும் கிடையாது. அக்காவையும் சாப்பிடக் கூப்பிட்டோம். அக்கா வந்தாள், கோழியைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“தம்பி, நீ இத கண்டாக்கு காதுக்குத் தைக்கிறியா, எங்க இடுப்புக்குத் தைக்கிறியா?”

காதுக்கும் படங்குக்கும் என்ன சம்பந்தம் என்றேன்.

“அவரு ஏன் வாங்கித் தாரேன்னாருன்னு நெனைக்கிற? பொம்பளைங்க நனையிறாங்களேன்னு அழுதாரா?”

பிறகு அவள் சொன்னதை நான் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். எங்கள் மலையில் பனி இறங்கினால் நாலு செடிக்கு அப்பால் ஆள் தெரியாது. கங்காணியாலும் பார்க்க முடியாது. அந்த நேரத்தில்தான் பெண்கள் இடுப்பை நிமிர்த்துவார்கள், வெற்றிலை போடுவார்கள், இரண்டு வார்த்தை பேசுவார்கள். அது மட்டும் இல்லை. ஒருத்திக்கு வயிற்று வலி, ஒருத்தி பிள்ளை உண்டாகி இரண்டு மாதம், இன்னும் வெளியே சொல்லவில்லை. அப்படிப்பட்டவளைச் செடிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, இரண்டு பக்கத்திலும் நிற்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கை கொழுந்தை அவள் பையில் போடுவார்கள். நிறுவையில் குறைந்தால் அவளுக்கு அரைப்பேர்தான் விழும், அதாவது அன்றைக்குப் பாதிச் சம்பளம். அது விழாமல் இப்படித்தான் காப்பாற்றிக்கொள்கிறார்கள். எத்தனையோ காலமாக நடக்கிறது. யாரும் பேசிக்கொள்வதில்லை.

என் படங்கு பேசியது. பெனர் பிளாஸ்டிக் கொஞ்சம் அசைந்தாலே சரசரவென்று சத்தம் போடும். கொழுந்து எடுக்கிறவள் அசைந்துகொண்டே இருப்பாள், சத்தம் வரும். உட்கார்ந்தவளிடமிருந்து வராது. முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது நாள் கண்டாக்கு ஐயா பனிக்குள் ரோட்டில் நின்றபடியே, “அந்த மூணாவது நெரையில யாரு நிக்கிறது?” என்று கேட்டாராம். சரியாகக் கேட்டாராம்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று அக்காவிடம் கோபப்பட்டேன்.

“எப்புடிடா சொல்றது? நாங்க பனிக்குள்ள கை கட்டி நிக்கிறோம்னு ஒன்கிட்ட வந்து சொல்லணுமா? நீ அத ஹட்டன் பஸ்ஸுல ஏறி சிரிச்சிக்கிட்டே சொல்லுவ. ஒன் வாயி ஊருக்கே தெரியும்.”

பஸ்ஸில் பேசுவேன்தான்.

வெள்ளைப் பலகையில் எழுதிய குணங்களில் இதற்கு உதவுகிற ஒன்றை மனதுக்குள் தேடினேன். பொறுமை இருந்தது, துணிச்சல் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றரை மாதமாக நான் தப்பான காரணங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாங்குகிறவர்கள் சொன்ன குறையையெல்லாம் கேட்டேன். சொல்லாத குறை ஒன்று இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நான் மனைவியைப் பார்த்தேன். இருக்கப் போகிறவளும் போகப் போகிறவளும் அவள்தான். தோட்டத்துக்குத் தைத்துக் கொடுத்தால் அவள் இருக்கலாம். அக்காவும் அதைத் தெரிந்துகொண்டுதான் கோழியைத் தொடாமல் இருந்தாள். மனைவி எலும்பை ஓரமாக வைத்துவிட்டு அக்காவிடம்தான் பேசினாள்.

“அங்க கார்மண்ட்ஸுல டொய்லட் போக டோக்கன் அண்ணி. நாப்பது பேருக்கு ரெண்டு டோக்கன். இங்க சத்தம். அவ்வளவுதான் வித்தியாசம்.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். “கண்டாக்கு ஐயாவுக்குத் தைக்கிறதுன்னா நான் கார்மண்ட்ஸுக்கே போயிர்றேங்க. அங்க மெசினாச்சும் நல்ல மெசின்.”

அக்கா அதற்குப் பிறகுதான் கோழியை எடுத்தாள். நல்ல துண்டாகப் பார்த்து எடுத்தாள்.

சத்தத்தை எப்படிப் போக்குவது என்று மனைவி யோசித்தாள்; நான் பெனர் சுமந்தேன். வெளியே பழைய சேலையை வைத்துத் தைத்தாள். சத்தம் குறைந்தது, போகவில்லை. இரண்டு பக்கமும் கம்பளித் துணி வைத்தாள். சத்தம் போனது, ஆனால் அதைக் கட்டினால் நடக்க முடியவில்லை. பிறகு அவளுக்குப் பிடிபட்டது. அகலமாக இருப்பதால்தான் மடியும்போது சத்தம் போடுகிறது. பெனரை உள்ளங்கை அகலப் பட்டிகளாக வெட்டி, இரண்டு பழைய சேலைத் துணிகளுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வைத்து, பட்டிக்குப் பட்டி தையல் ஓட்டினாள். இப்போது மடிவதெல்லாம் தையல் ஓடிய இடத்தில், துணியோடு மடிந்தது. வெளித்துணி நனையும், உள்ளே ஈரம் இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தோம். லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நான் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிற மாதிரி ஆடி அசைய வேண்டும். அக்காவும் செட்டுப் பெண்களும் முதுகைக் காட்டிக் கல்லில் உட்கார்ந்து, நான் எடுக்கிறேனா நிற்கிறேனா என்று சொல்ல வேண்டும். பழைய படங்கைக் கட்டியபோது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. “எடுக்கிறான்”, “நிக்கிறான்”, “சொறியிறான்” என்றுகூடச் சொன்னார்கள். புதியதை மாற்றிக் கட்டினேன். கையை வீசினேன், குனிந்தேன், அடுத்த நிரைக்குத் தாவினேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. சுற்றிக்கொண்டு வந்து அக்காவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன்.

அக்கா தூரத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: “டேய், எங்கடா இருக்க? வீட்டுக்குப் போயிட்டியா?”

கல்லில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் லயத்து நாய்களெல்லாம் குரைத்தன. இரண்டு மாதத்துக்காரியும் சிரித்தாள்; பின்பு போய்ச் செடி ஓரமாக வாந்தி எடுத்தாள்.

கண்டாக்கு ஐயா மறுபடி வந்தார். புதியதைக் கையில் கொடுத்தேன். தடவினார், மடித்தார், காதுப் பக்கம் கொண்டுபோய் உதறினார். மறுபடி உதறினார். “முந்தினது நல்லா இருந்திச்சே” என்றார். எது நல்லா இருந்தது ஐயா என்று பணிவாகக் கேட்டேன். பதில் அவர் வாய்வரை வந்துவிட்டது. இஸ்தோப்பில் அக்கா அரிசி புடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உறுதி” என்றார் கடைசியில். “அதுல ஒரு உறுதி இருந்திச்சு.”

இது அதைவிட உறுதி என்று இழுத்துக் காட்டினேன். துரையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். துரை இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கண்டாக்கு ஐயா அதற்காக என்னிடம் பகை காட்டவும் இல்லை. வழியில் கண்டால் தலையாட்டுவார்.

ஆனால் பெரிய ஓடர் போனது போனதுதான். தீபாவளிக்கு அதிக நாள் இல்லை. சம்பளம் போடும்வரை ஒரு படங்குகூட விற்கவில்லை. மனைவி பையை இறக்கி, இரண்டு சட்டையும் ஒரு துவாயும் உள்ளே வைத்து, மறுபடி மேலே ஏற்றினாள். நான் தேயிலைக் கொழுந்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். அங்கே பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

சம்பளம் போட்ட மறுநாள் சாயங்காலம், வெள்ளை ஆகாது என்று சொன்னவள் வந்தாள். ஒன்று வாங்கினாள். தன் தங்கச்சிக்கு ஒன்று சொன்னாள்; அவள் மேல் டிவிஷன். மறுநாள் மேல் டிவிஷனிலிருந்து ஐந்தாறு பேர் சேர்ந்து வந்தார்கள். யாரும் ஏன் வாங்குகிறார்கள் என்று சொல்லவில்லை. நனையாதாமே என்றுதான் கேட்டார்கள். ஆமாம், நனையாது என்று மட்டும்தான் நானும் சொன்னேன். பஸ்ஸில் ஏறியும் அதை மட்டும்தான் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தேன். (இதை எழுதுவதற்கு முன் அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். தோட்டத்தின் பேரைப் போடாதே, கண்டாக்குமார் எங்கே புத்தகம் படிக்கிறார்கள், எழுது என்றாள்.)

தீபாவளிக்கு முந்திய நாட்களில் வீட்டில் நடக்க இடமில்லை. ஒரு பக்கம் வெட்டிய பட்டிகள், தோற்றுப்போன வேட்பாளர்களின் கண், மூக்கு, மீசை எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. மறு பக்கம் ஊரில் சேர்த்த பழைய சேலைகள். நான் வெட்டினேன், அவள் தைத்தாள். ஊரில் எல்லாரும் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அடுப்பு அணைந்திருந்தது. அக்கா ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு, கீழ் லயத்து இரண்டு மாதத்துக்காரிக்கு உரிய படங்கு கடைசியாக இருந்தது. இப்போது மாதம் கூடிவிட்டதால் இடுப்புக்கு நீள நாடா வேண்டும் என்று கேட்டிருந்தாள். நாடா முடிந்துவிட்டது. ஹட்டனுக்கு ஓடினாலும் கடையைப் பூட்டியிருப்பார்கள் என்றேன். தீபாவளி முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

மனைவி மெசினை நிறுத்தினாள். ஸ்டூலில் ஏறி அலுமாரி மேலிருந்த பையை இறக்கினாள். உள்ளே இருந்த சட்டைகளையும் துவாயையும் எடுத்துக் கட்டிலில் போட்டாள். கத்தரியை எடுத்து, பையின் தோள்பட்டியை இரண்டு முனையிலும் வெட்டினாள். நல்ல தடித்த பட்டி, நீளமும் போதுமாக இருந்தது.

“அந்தப் பக்கத்தப் புடிங்க” என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.